பொதுக்குழு முழுவதும் படமாக: கேம்கார்டரிலிருந்து நேரே கம்ப்யூட்டருக்கு

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை வீடியோ எடுத்து வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. முன்பெல்லாம் கல்யாண வீடியோக்காரரை அழைப்போம். இப்போது உறுப்பினர் யாராவது வீட்டிலிருக்கும் கேம்கார்டரைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்திப் பட்டனை அழுத்திவிட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கப் போய்விடுகிறார். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி நினைத்ததால் எங்கள் சங்கத்தில் வந்த சங்கடத்தையும், பிறகு நாங்கள் கண்ட வழியையும் மற்ற சங்கத்தாருக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டுப் பொதுக்குழு காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணிக்கு முடிந்தது. கேமரா என் பொறுப்பு. பகல் 12 மணி வாக்கில் பொதுக் கிடங்கின் கூரையைப் பழுதுபார்க்கும் செலவு விவாதத்துக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கை மொத்த வியாபாரிகள் ஏற்பது, மீதியைச் சில்லறைக் கடைக்காரர்கள் ஏற்பது என்று கைதூக்கி முடிவானது. செயலாளர் மினிட் புத்தகத்தில் 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று ஒரே வரியில் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துப் பிரச்சினை எழுந்தது. அந்தப் பங்கு இந்தக் கூரைக்கு மட்டும்தான் என்றார்கள் மொத்த வியாபாரிகள். இனி வரும் எல்லாப் பராமரிப்புக்கும் இதே கணக்குதான் என்றார்கள் சில்லறைக்காரர்கள். "வீடியோ இருக்கிறதே, போட்டுப் பார்த்துவிடலாம்" என்று நான்தான் தைரியமாகச் சொன்னேன். போட்டுப் பார்த்தால் காலை 11.30 மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை. மெமரி கார்டு நிறைந்து கேமரா தானாக நின்றிருக்கிறது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு முப்பது வருஷமாக வியாபாரம் செய்த இருவர் அதன் பிறகு ஏழெட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேமரா ஏன் நிற்கிறது?

கேம்கார்டர் குடும்ப விசேஷங்களைத் துண்டு துண்டாக எடுப்பதற்கென்றே உருவானது. பழைய மினி டிவி கேசட் சாதாரண வேகத்தில் 60 நிமிடம்தான் ஓடும். கார்டில் பதியும் கேமராவில், உயர்ந்த தரத்தில் வினாடிக்கு 24 மெகாபிட் வீதம் பதிந்தால், 16 ஜிபி கார்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

போட்டோ எடுக்கும் டிஜிட்டல் கேமராவில் வீடியோ எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பல மாடல்கள் 29 நிமிடம் 59 வினாடியில் நின்றுவிடும். இதற்குக் காரணம் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும்: வரி! ஒரே தொடர்ச்சியில் 30 நிமிடமோ அதற்கு மேலோ பதியும் கேமராவை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கத்துறை 'வீடியோ கேமரா' என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி விதித்தது. அந்த வகைக்குள் போகாமலிருக்கக் கம்பெனிகள் ஒரு வினாடி குறைத்து நிறுத்தின.

வழி எளியது. கேமராவைப் பார்க்கும் கண்ணாக மட்டும் வைத்துக்கொண்டு, பதியும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். கேமரா கடைவாசல் என்றால் கம்ப்யூட்டர் கிடங்கு. வாசலில் சரக்கைத் தேக்காமல் வந்ததும் வந்ததுமாக உள்ளே அனுப்புவது போலத்தான் இது.

பழைய கேசட் கேமரா உள்ளவர்களுக்கு

1995-இல் வந்த டிவி வகைக் கேமராக்களில் ஃபயர்வயர் என்ற இணைப்பு இருக்கும். படமும் ஒலியும் அதன் வழியாகத் தரம் குறையாமல் கம்ப்யூட்டருக்கு வரும். இன்றைய லேப்டாப்புகளில் அந்தத் துளை இருப்பதில்லை. மேசைக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு கார்டு பொருத்திக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேசட்டைப் போட்டுவிட்டுப் பதியாமல் வைத்திருந்தால், டேப்பையும் ஹெட்டையும் காப்பாற்றுவதற்காகச் சில நிமிடங்களில் பல கேமராக்கள் அணைந்துவிடும். ஆகவே கேசட்டை வெளியே எடுத்துவிட்டு மூடியைச் சாத்திவிடுங்கள். கேசட் இல்லாத சில கேமராக்கள் தம் பெருமைகளைத் தாமே காட்டும் டெமோ நிலைக்குப் போய்விடும். அதை மெனுவில் நிறுத்திவையுங்கள். இந்த வகைப் படம் மணிக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். ஐந்து மணி நேரக் கூட்டத்துக்கு 65 ஜிபி.

புதிய கேமரா உள்ளவர்களுக்கு

நாங்கள் செய்தது இது. கேமராவின் ஹெச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து ஒரு கேபிள். அதன் மறுமுனையில் 'கேப்சர் கார்டு' என்ற சிறு கருவி. அதை லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையில் சொருகினால் கேமரா ஒரு வெப்கேமரா போலக் கம்ப்யூட்டரில் தெரியும். கேமராவிலேயே யு.எஸ்.பி. துளை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலான கேம்கார்டர்களில் அது பதிந்த படத்தை நகல் எடுக்கத்தான் உதவும். நடக்கும் காட்சி அதன் வழியே வராது. கேமராவின் ஹெச்.டி.எம்.ஐ. துளை சாதாரண அளவா, மினியா, மைக்ரோவா என்று பார்த்துக் கேபிள் வாங்குங்கள். நாங்கள் பார்க்காமல் வாங்கி இரண்டு முறை கடைக்கு நடந்தோம்.

பதிவதற்கு ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2012-இல் வெளிவந்தது. அதில் 1920-க்கு 1080 அளவும் வினாடிக்கு 25 படமும் வைத்துக்கொண்டோம். நம் நாட்டு மின்சாரம் 50 சுற்று என்பதால், வினாடிக்கு 25 படமும் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி ஷட்டரும் வைத்தால் டியூப் லைட் படத்தில் துடிக்காது.

கேமரா மெனுவில் இரண்டை மாற்ற வேண்டும். திரையில் தெரியும் பேட்டரி, தேதி முதலிய குறிகள் ஹெச்.டி.எம்.ஐ. வழியே போகாதபடி நிறுத்துங்கள். இல்லையென்றால் தலைவர் முகத்தின் மேலேயே பேட்டரிப் படம் பதிந்துவிடும். அடுத்து, தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள்.

கிடங்கில் இடம் எவ்வளவு?

வினாடிக்கு 8 மெகாபிட் வீதம் வைத்தால் பேச்சும் மேடையும் தெளிவாக இருக்கும். 8 பிட் ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 1 எம்.பி.; மணிக்கு 3.6 ஜிபி; ஐந்து மணி நேரத்துக்கு 18 ஜிபி. வட்டில் இதைப்போல் இரண்டு மடங்கு இடம் காலியாக வைத்துக்கொள்வது நல்லது.

இடம் இருந்தும் பதிவு நின்றுபோகலாம். வட்டு 'ஃபேட் 32' முறையில் அமைந்திருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளராது. மேற்சொன்ன கணக்கில் சுமார் 70 நிமிடம்; பழைய டிவி வகைக்கு 20 நிமிடம்கூட வராது. விண்டோஸ் கம்ப்யூட்டரின் உள்வட்டு பொதுவாக 'என்.டி.எஃப்.எஸ்.' முறையில் இருக்கும். அதில் இந்தத் தொல்லை இல்லை. பென் டிரைவில் நேரடியாகப் பதிய வேண்டாம்.

ஒத்திகையில் கற்ற பாடங்கள்

பட்ட அனுபவத்தால், 2024 பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பு காலியான மண்டபத்தில் ஐந்து மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். மூன்று முறை தவறியது.

முதல் முறை லேப்டாப் தூங்கிவிட்டது. யாரும் தொடாமலிருந்தால் ஓய்வுக்குப் போகும் ஏற்பாட்டை நிறுத்த மறந்திருந்தோம். மூடியைச் சாத்தினாலும் தூங்காதபடி அமைத்து, விண்டோஸ் அப்டேட்டையும் அன்றைக்கு ஒத்திவைத்தோம்.

இரண்டாம் முறை யாரோ ஃபேன் போட வந்தவர் மின்வயரைத் தட்டிவிட்டார். லேப்டாப் பேட்டரி தீர்ந்ததும் அணைந்தது. எம்.பி.4 வகையில் பதிந்திருந்த இரண்டு மணி நேரப் படம் முழுவதும் திறக்கவே இல்லை. அந்த வகையில் படத்தின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. கணக்கை முடிக்காமல் பேரேட்டை மூடியது போலாகிவிட்டது. எம்.கே.வி. வகையில் பதிந்தால் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது நிற்கும். கூட்டம் முடிந்த பிறகு ஓ.பி.எஸ். மென்பொருளிலேயே சில நிமிடங்களில் எம்.பி.4-ஆக மாற்றிக்கொள்ளலாம். அன்றிலிருந்து எம்.கே.வி.தான். கேமராவுக்கும் அடாப்டர், லேப்டாப்புக்கும் அடாப்டர், இரண்டும் யு.பி.எஸ். வழியாக.

மூன்றாம் முறை படம் இருந்தது. ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. கேமரா மண்டபத்தின் கடைசியில் நிற்க, பேச்சாளர் மேடையில் இருந்தால் வேறெப்படி இருக்கும்? மைக் செட்காரரிடம் சொல்லி மிக்ஸரிலிருந்து ஒரு இணைப்பு வாங்கினோம். அதைக் கேமராவின் மைக் துளையில் நேரே சொருகினால் ஒலி சிதறும். லைன் அளவை ஏற்கும் துளையில் கொடுக்க வேண்டும், அல்லது மைக் செட்காரரிடமே அளவைக் குறைத்து வாங்க வேண்டும். உறுப்பினர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்கும் கேள்விகள் பதிய வேண்டுமானால், கையில் பிடிக்கும் மைக்கை அவர்களிடம் கொண்டுபோக ஒரு பையனை நிறுத்துங்கள். வழக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான்.

பதிவு நடக்கும்போது கேமராவிலும் ஒரு கார்டைப் போட்டு ஓடவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் ஓடும் நேரம் கூடுகிறதா, ஒலிப் பட்டை ஆடுகிறதா என்று பார்க்க ஒருவரை லேப்டாப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவருக்குப் பந்தியில் இடம் பிடித்து வைக்கவும் மறவாதீர்கள்.

சட்டமும் மரியாதையும்

வீடியோ வந்துவிட்டதால் மினிட் புத்தகம் வேண்டாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தீர்மானத்துக்கு ஆதாரம் புத்தகம்தான்; வீடியோ அதற்குத் துணை. எங்கள் செயலாளர் இப்போது தீர்மானத்தை முழுமையாக எழுதி, கைதூக்கும் முன் மைக்கில் படித்துக் காட்டுகிறார்.

விஷயம் நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும். ஃபைலின் 'ஹேஷ்' எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். ஃபைலில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே மூல ஃபைலை வெட்டாமல், ஒட்டாமல், பெயர்கூட மாற்றாமல் இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, ஒன்றைத் தலைவரிடமும் ஒன்றைச் சங்க அலமாரியிலும் வையுங்கள். மற்றதை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத் தொடக்கத்திலேயே 'பதிவு நடக்கிறது' என்று அறிவித்துவிடுங்கள். கோபத்தில் ஒருவர் சொன்ன வார்த்தையை வெட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது வியாபாரிக்கு அழகல்ல.

கூரைக் கணக்கு என்ன ஆயிற்று?

2024 பொதுக்குழுவில் அந்தக் கிடங்கு விவகாரம் மறுபடி வந்தது. இம்முறை ஐந்தே கால் மணி நேரமும் விடாமல் பதிந்தது. பராமரிப்புச் செலவைக் கிடங்கில் அவரவர் பிடிக்கும் இடத்தின் அளவுப்படி பிரிப்பது என்று முடிவாயிற்று. ஒரு மாதம் கழித்து, "நான் இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லையே" என்று ஒரு பெரியவர் வந்தார். பேசாமலிருந்த அந்த இருவரில் ஒருவர் அவர். லேப்டாப்பைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினோம். அவர் கை முதல் ஆளாக உயர்ந்திருந்தது! கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "போன வருஷமும் நான் இப்படித்தான் மறந்திருப்பேனோ?" என்றார். அன்று மாலையே பக்கத்துக் கடைப் படியேறினார். எனக்குத் தெரிந்து அந்தக் கடையில் அவர் காபி குடித்தது ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நூறு ரூபாய்ச் சரக்குக்குச் சீட்டு எழுதுகிற நாம், எல்லோரும் கூடி எடுக்கும் முடிவை நினைவை மட்டும் நம்பி விட்டுவிடலாமா? ஒரு கேபிள், ஒரு கேப்சர் கார்டு, ஒரு நாள் ஒத்திகை. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் இந்த மூன்றையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.