போர்டில் இல்லாத படிப்பு

அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு கண். இடது கண்ணை குளுக்கோமா எப்போதோ சத்தம் போடாமல் தின்றுவிட்டது. வலியில்லை, சிவப்பில்லை... நாங்கள் கவனித்தபோது காரியம் முடிந்திருந்தது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை. 'ஆபரேஷன்தான்' என்றார்கள்.

வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவரை எதிர்பார்த்துப் போனோம். உள்ளே இருந்த டாக்டருக்கு வயசு முப்பத்திரண்டைத் தாண்டாது. போதாக்குறைக்கு மூக்குக் கண்ணாடி வேறு!

"ஏண்டா, இவரே கண்ணாடி போட்டிருக்காரே..." என்று அம்மா கிசுகிசுத்தாள். அம்மாவின் கிசுகிசு நாலு வீட்டுக்குக் கேட்கும். டாக்டர் சிரித்துவிட்டார்.

வாசல் போர்டில் அவர் பெயருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி மாதிரி எழுத்துகள். பெட்டி பெட்டியாக என்னதான் ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம் சார். கண்ணுக்கு எம்.எஸ். மூணு வருஷம். அப்புறம் ஃபெலோஷிப் ரெண்டு."

ஆக, பத்தரை! நடுவில் என்ட்ரன்ஸுக்கு முட்டி மோதியது தனிக்கணக்கு.

ஃபெலோஷிப்பில்தான் ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். கருவிழிக்கு ஒருத்தர், விழித்திரைக்கு ஒருத்தர், கண் அழுத்தத்துக்கு ஒருத்தர், குழந்தைகளின் மாறுகண்ணுக்கு ஒருத்தர், இமைக்கும் கண்ணீர்ப் பைக்கும் இன்னொருத்தர். கண்ணின் மொத்த விட்டமே சுமார் 24 மில்லிமீட்டர். அதற்குள் இத்தனை செக்‌ஷன்! எங்கள் ஆபீஸ் தேவலை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இவரும் அம்மாவை முதலில் குளுக்கோமா டாக்டரிடம் அனுப்பி, பிரஷர் பார்த்த பிறகுதான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

அம்மா விடவில்லை. "கை நடுங்காதா தம்பி?"

"முதல்ல நடுங்கிச்சு பாட்டி. அதனாலதான் ஆட்டுக் கண்ணுல ஆரம்பிச்சேன்."

கறிக்கடையிலிருந்து கண்களை வாங்கி வந்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து வெட்டி, தைத்துப் பழகுவார்களாம். இப்போது கம்ப்யூட்டர் சிமுலேட்டரும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் முழு ஆபரேஷனைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். சீனியர் பக்கத்தில் நிற்க, ஒருநாள் கடைசிக் கட்டம் மட்டும், இன்னொருநாள் அதற்கு முந்தின கட்டம் என்று படிப்படியாகத்தான். ரெண்டு கையும் கண்ணுக்குள் இருக்க, ஒரு கால் மைக்ராஸ்கோப் பெடலில், இன்னொரு கால் புரையை உடைத்து உறிஞ்சும் மெஷின் பெடலில். டிராஃபிக்கில் கார் ஓட்டுவதெல்லாம் என்ன பிரமாதம்!

புரை உட்கார்ந்திருக்கும் பையின் பின்சுவர் தலைமுடி தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. "ஒரு தடவை எனக்கு அது கிழிஞ்சுடுச்சு. சீனியர் சரி பண்ணினார். பேஷன்டுக்குப் பார்வை வந்துடுச்சு. எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கமில்லை" என்றார். இதை அம்மா எதிரில் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது. அம்மாவோ அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மதுரையில டாக்டர் வெங்கடசாமின்னு இருந்தார் பாட்டி. பிரசவ டாக்டராகணும்னு ஆசைப்பட்டவர். முடக்குவாதத்துல விரல்களெல்லாம் கோணிப்போச்சு. பேனா பிடிக்கவே கஷ்டம். அந்தக் கையாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் ஆபரேஷனுக்கு மேல பண்ணினார்."

1976-ல், ரிட்டயரான பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தவரும் அவர்தான். 2006-ல் காலமானார். அம்மா டாக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அன்று நான் வெளியே பெஞ்சில். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்குத்தான் அரை நாள் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். கூசிக் கூசிச் சுற்றும் முற்றும் பார்த்த அம்மா, என்னை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. விறுவிறுவென்று வாசலுக்கு வந்து போர்டுக்கு எதிரில் நின்றாள். "எம்... பி... பி... எஸ்..." கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"இதுல ஆட்டுக் கண்ணு எந்த எழுத்துடா?"