கடனட்டையும் வட்டியும்

இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு 18 சதவீதமாக விதித்த உச்சவரம்பு 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. வட்டி உயர்ந்ததும் வவுனியாவிலும் நம்மவர் நொந்துகொண்டனர். மாதம் 2 சதவீதமெனில், ஓர் இலட்சம் ரூபா நிலுவைக்கு 5,000 ரூபா செலுத்தினாலும் கடனில் கழிவது 3,000 ரூபாவே.

ஆயினும் வட்டி கூடினாலும் குறைந்தாலும் ஹராமே. "தவணைக்குள் செலுத்தினால் வட்டியில்லையே?" எனச் சிலர் வினவுவர். வட்டி நிபந்தனையுள்ள கடனட்டையை அவ்வெண்ணத்துடனும் பயன்படுத்தலாகாது என 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்தது. ஒப்பமிடும்போதே வட்டிக்கு உடன்படுகிறோம் அல்லவா?

எனவே நிலுவையை அடைத்து, அட்டையைத் திருப்பி ஒப்படையுங்கள். சொந்தக் கணக்கிலுள்ள பணத்தையே எடுக்கும் டெபிட் அட்டை போதுமானது. அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக!