கோதுமை ஆகாத உடம்பு

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நம்மவர்கள் நம்புவதில்லை. சர்க்கரை வியாதிக்குச் சப்பாத்தியே மருந்து என்று நினைக்கும் காலம். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே விடுகிறேன்.

எனக்குப் பல வருடங்களாக இரண்டு தொந்தரவுகள். சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்ளும், பிறகு பேதி. முழங்கை, முழங்கால்களில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். தூக்கம் கெடும் அளவு அரிப்பு. வயிற்றுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர் என்று அலைந்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மூன்றாமவர், "கோதுமையை நிறுத்திப் பாருங்கள்" என்றார். நிறுத்தினேன். வயிறு சில வாரங்களில் அடங்கியது. தோலுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் நிறுத்துமுன் ரத்தப் பரிசோதனை செய்ய அவர் சொல்லவில்லை. அதனால் என் வியாதிக்கு இன்றுவரை பெயர் இல்லை.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. பரோட்டா மாவு ரப்பர் போல இழுபடுவது அதனால்தான். சிலருக்கு இதன் காரணமாக உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. இதுதான் சீலியாக் நோய். கோதுமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-ல் தம் ஆய்வேட்டில் காட்டினார். இதே கோளாறு தோலில் கொப்புளமாகவும் வரும்.

'அது வடக்கத்தியாருக்கு வருவது' என்பார்கள். அதில் பாதி உண்மை. 2016-ல் வெளியான இந்திய ஆய்வில் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு, தெற்கே 0.10 பேருக்கு இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டது. ஆனால் இதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில் இருக்கிறது. நாம் அரிசி தின்று தப்பித்திருக்கிறோம். பிள்ளைகள் பிட்சா தின்கிறார்கள்.

கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையும் குடல் துணுக்குப் பரிசோதனையும் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டால் ஒன்றும் இல்லை என்றே வரக்கூடும். இப்போது பார்க்க வேண்டுமானால் ஆறு வாரம் போல மறுபடி கோதுமை சாப்பிட வேண்டுமாம். இந்த வயதில் அந்த அரிப்பை விலை கொடுத்து வாங்க எனக்கு மனமில்லை. மரபணுச் சோதனைக்கு இந்த நிபந்தனை கிடையாது, செய்துகொண்டேன். எனக்கு அந்த மரபணு இருக்கிறது. மூன்றில் ஒருவருக்கு இருப்பதை வைத்து என்ன முடிவு கட்டுவது?

ஆகவே பெயரில்லாமலே குடித்தனம். அரிசி இருக்கிறது, இந்த ஊர் கேழ்வரகுக் களிக்குப் பேர்போனது, அக்கி ரொட்டியும் உண்டு. ஆனால் ரவை, சேமியா இரண்டும் பெரும்பாலும் கோதுமைதான். கல்யாண வீட்டுக் கேசரியும், பெங்களூரின் பெருமையான ரவா இட்லியும் எனக்கு இல்லை. ஹார்லிக்ஸில் பார்லியும் கோதுமையும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய திருடன் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்க்கிறார்கள். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், எல்லாவற்றிலும் அது நுழைகிறது! அரிசி மாவு சேர்த்தது கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்க வேண்டும். மாவு மில்லும் அப்படித்தான். கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகைப் போட்டால் பழைய மாவும் சேர்ந்து வரும். எங்கள் வீட்டில் சிறிய அரைவை இயந்திரமே வாங்கிவிட்டோம். விருந்துக்குப் போனால் பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த வடையையும் தொடுவதில்லை. 'ரொம்பப் பிகு பண்ணுகிறார்' என்ற பேச்சு காதில் விழத்தான் செய்கிறது.

எனக்குக் கவலை வேறு. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தாரில் பத்தில் ஒருவர் வரை அது இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இருப்பது அதுதானா என்றே தெரியாதபோது பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? தில்லியில் இருக்கும் என் மகளுக்கு ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரை எத்தனை சாப்பிட்டும் ஏறவில்லை. குடல் சத்தை உறிஞ்சாவிட்டால் அப்படியும் ஆகுமாம். சென்ற வாரம் அவளே போனில், "அப்பா, நானும் சப்பாத்தியை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம், முதலில் ரத்தம் கொடு, அதுவரை வழக்கம்போல் சாப்பிடு என்றேன். திங்கட்கிழமை போகிறாள்.