தோளில் விழும் உதை: வயசானா எந்த ரைஃபிள்?

சேக்காட்டுல இருந்துட்டு வேட்டைத் துப்பாக்கியைப் பத்தி ஏன் படிக்கணும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு புலி, யானை வேட்டையெல்லாம் முடிந்த கதை. முடிந்ததும் நல்லதுதான். ஆனா நம்ம பக்கத்துலயே ஆவடியில் ஹெச்.வி.எஃப். இருக்கு, சி.வி.ஆர்.டி.இ. இருக்கு. அர்ஜுன் டேங்கின் 120 மி.மீ. பீரங்கி ஒரு குண்டைத் துப்பும்போது அந்தப் பின்னுதைப்பை எங்கே கொண்டுபோய் அடக்குவது என்பது அங்குள்ள இன்ஜினியர்களின் தினசரிக் கவலை. அதே கவலை ஒரு வயதான வேட்டைக்காரரின் தோளிலும் உண்டு. டேங்க்குக்கு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கு. மனுஷனுக்கு என்ன இருக்கு? எலும்பும் தசையும்தான். அதுவும் வருஷா வருஷம் பழசாகிற எலும்பு.

ஸ்வீடன், கனடா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் உரிமம் வாங்கி, சட்டப்படி பெரிய விலங்குகளை வேட்டையாடுகிறார்கள். அங்கே அறுபது தாண்டியவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்வி இது: "இத்தனை வருஷம் தூக்கின பெரிய ரைஃபிளை விட்டுட்டு, உதை கம்மியா இருக்கிறதுக்கு மாறலாமா? மாறினா விலங்கு சரியா விழுமா?" இதை ஒரு டிசைன் பிராப்ளமா எடுத்துப் பார்ப்போம், வாங்க.

முதல்ல கணக்கு

பிளஸ் ஒன் இயற்பியல்தான். குண்டு முன்னால் போகும் உந்தமும், துப்பாக்கி பின்னால் வரும் உந்தமும் சமம். ஆனா பலரும் மறக்கிற ஒரு விஷயம் இருக்கு. குண்டு மட்டும் வெளியே போறதில்லை. எரிந்த மருந்தின் வாயுவும் சேர்ந்து போகுது, அதுவும் குண்டைவிட வேகமா. அதையும் கூட்டணும்.

.275 ரிக்பி ரைஃபிளை எடுத்துக்கலாம். குண்டு சுமார் 9 கிராம், வேகம் விநாடிக்கு சுமார் 840 மீட்டர். உந்தம் 7.6. மருந்து சுமார் 2.9 கிராம், வாயு வேகம் 1250 மீட்டர் என்று வைத்தால் இன்னொரு 3.6. மொத்தம் 11.2. ரைஃபிள் 3.5 கிலோ என்றால், அது விநாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வரும். ஆற்றல் சுமார் 18 ஜூல்.

இதே முறையில் மற்றவற்றுக்கும் போட்டால், வழக்கமான எடையுள்ள ரைஃபிள்களுக்குத் தோராயமாக இப்படி வரும்:

.243 வின்செஸ்டர்: 13 ஜூல்
6.5×55 ஸ்வீடிஷ்: 17 ஜூல்
.275 ரிக்பி: 18 ஜூல்
.30-06: 28 ஜூல்
.405 வின்செஸ்டர்: 40 ஜூல்
.450/400 இரட்டைக்குழல்: 52 ஜூல்

இதில் .405 நம்ம ஊருக்கு வந்து போன ஆள். பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோது கையில் இருந்தது .405 வின்செஸ்டர்தான். ஒவ்வொரு தடவை சுடும்போதும் .275-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் உதை.

வயசு என்ன செய்யுது?

முதலில் உடம்பு. தோள்பட்டையைச் சுற்றியுள்ள தசைநாண்கள் வயசாக ஆகத் தேயும். எலும்பின் அடர்த்தி குறையும். காது ஏற்கெனவே பாதி போயிருக்கும். கண்ணில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் பலமான அதிர்வு தாங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டே ஆகணும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை மூளையில் நடக்குது. குண்டு குழலைவிட்டு வெளியேற ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்வது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அப்போ உதை குறியைப் பெரிசா கெடுக்கல. கெடுக்கிறது, உதை வரப்போகுது என்கிற பயம். விசையை அழுத்தும் அந்தக் கணத்துக்கு முன்னாடியே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், விரல் வெடுக்குன்னு இழுக்கும். ஆங்கிலத்தில் இதை ஃப்ளின்ச் என்பார்கள். அடி வாங்கி வாங்கி உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. வலி கூடக்கூட, வயசு கூடக்கூட, பாடம் ஆழமாகும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சுடுதளத்தில் நண்பர் ஒருவர், நீங்க பார்க்காம நிஜத் தோட்டாக்களுக்கு நடுவில் வெற்றுத் தோட்டாவைச் சேர்த்துப் போட்டுத் தரணும். 'டிக்' என்று மட்டும் கேட்கும்போது குழல் முனை குதித்தால், குறி தவறுவதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை, நீங்கதான்.

குறி தவறினா என்ன ஆகும்?

கார்பெட் கதைகள் படித்தவர்களுக்குச் சம்பாவத் பெண்புலி தெரியும். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-ல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். வாயைத் திறந்து பார்த்தால் வலது பக்கத்து மேல், கீழ் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர்களிடம் வந்ததற்கு அந்தப் பழைய காயமே காரணம் என்று கார்பெட் எழுதினார். ஒரு தவறான குண்டுக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

அந்தப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாண துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த ரைஃபிள் எது தெரியுமா? மேலே 18 ஜூல் கணக்கு போட்டோமே, அந்த .275 ரிக்பி. 1926-ல் ருத்ரபிரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையை, தன் ஐம்பதாவது வயசில், அவர் சுட்டது அந்த ரகத் துப்பாக்கியால்தான்.

ஆனா கார்பெட்டிடம் கனமான .450/400 இரட்டைக்குழலும் இருந்தது. 1938-ல் தாக் ஆட்கொல்லிப் புலியை அதைக் கொண்டுதான் சுட்டார். வயசு 63. உட்கார்ந்திருந்தது ஒரு பாறையின் குறுகிய விளிம்பில். புலி விழுந்தது, சுட்ட உதையில் கார்பெட்டும் விளிம்பிலிருந்து வழுக்கி, கீழே இருந்த ஆட்கள்மேல் விழுந்தார். முதல் குண்டே சரியான இடத்தில் பட்டதால் எல்லாரும் பிழைத்தார்கள். அனுபவம், துணிச்சல் எதுவும் உந்த அழிவின்மை விதிக்கு விலக்கு வாங்கித் தராது.

சரி, எப்படிக் குறைப்பது?

நான்கு வழி இருக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் இருக்கு.

1. எடையைக் கூட்டலாம். உந்தத்தின் வர்க்கத்தை, நிறையின் இரண்டு மடங்கால் வகுத்தால் உதை ஆற்றல். அதாவது ரைஃபிள் கனமானா உதை குறையும். இங்கேதான் வயசானவருக்குச் சிக்கல். மலையேறத் தூக்கிட்டுப் போக லேசான துப்பாக்கி வேணும். சுடும்போது கனமானது வேணும். .30-06-ஐ 3.6 கிலோவிலிருந்து 2.7 கிலோவுக்குக் கொண்டுவந்தா 28 ஜூல், 37 ஜூல் ஆகிடும். "வயசாச்சு, லேசா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று அதே தோட்டாவோடு லேசான ரைஃபிள் வாங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு.

2. தூரத்தைக் கூட்டலாம். 40 ஜூலை 2 செ.மீ. தூரத்தில் நிறுத்தினா சராசரி விசை 2000 நியூட்டன். 4 செ.மீ. என்றால் 1000 நியூட்டன்தான். கட்டையின் பின்பக்கம் ஒட்டும் ரப்பர் பேட் செய்வது இதைத்தான். டேங்க் பீரங்கியும் இதே தத்துவம்: குழலைப் பின்னால் சறுக்கவிட்டு, எண்ணெய் சிலிண்டர் மெதுவா நிறுத்தும், பிறகு முன்னால் தள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் 1897-ல் 75 மி.மீ. பீரங்கியில் இதை வெற்றிகரமாகச் செய்து காட்டிய பிறகு உலகமே பின்பற்றியது. கட்டையின் நீளம் உங்க கைக்குப் பொருந்துவதும் இதில் சேரும். பொருந்தாத கட்டை கன்னத்தில் அறையும்.

3. வாயுவைத் திருப்பலாம். குழல் முனையில் மஸில் பிரேக் மாட்டினா, வாயு பக்கவாட்டில் திரும்பி உதை நல்லாவே குறையும். விலை: சத்தம். அது பக்கத்தில் நிற்பவரின் காதையும் சேர்த்துக் கெடுக்கும். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் சைலன்சர் மாட்டினா சத்தமும் குறையும், உதையும் குறையும், துப்பாக்கி நீளமாகும்.

4. தோட்டாவையே மாற்றலாம். இதுதான் சுத்தமான தீர்வு. .30-06-இலிருந்து 6.5×55-க்கு வந்தாலே உதை 28-லிருந்து 17 ஜூல். மற்ற மூன்றும் உதையைச் சமாளிக்கும் வழிகள். இது மட்டும்தான் உதையைப் பிறப்பிடத்திலேயே குறைக்குது.

சின்னத் தோட்டா போதுமா?

போதும், ஒரு எல்லை வரை. விலங்கை வீழ்த்துவது நுரையீரலுக்கோ இதயத்துக்கோ நேராகப் போய்ச் சேரும் துளை. ஒல்லியா, நீளமா, கனமா இருக்கும் 6.5, 7 மி.மீ. குண்டுகள் ஆழமா ஊடுருவும். செம்பிலேயே செய்த குண்டுகளும், உள்ளே ஈயத்தை உறையோடு பிணைத்த குண்டுகளும் வந்த பிறகு, குண்டு சிதறாமல் உள்ளே போகிறது.

ஸ்வீடன் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கு. அங்கே பல நூறு கிலோ எடையுள்ள மூஸ் மானைச் சுட, 10 கிராமுக்கு மேற்பட்ட குண்டு 100 மீட்டரில் குறைந்தது 2000 ஜூல் வைத்திருக்கணும். குண்டு 9-லிருந்து 10 கிராமுக்குள் என்றால் 2700 ஜூல். சுமார் 10.1 கிராம் குண்டு போட்ட 6.5×55 முதல் விதியில் வசதியா தேறிடும். அதனால் அங்கே அது தலைமுறை தலைமுறையாக மூஸ் ரைஃபிள்.

மறுபக்கமும் சொல்லணும். யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் .375-க்குக் கீழே அனுமதியே இல்லை. 'கரமோஜோ' பெல் என்ற வேட்டைக்காரர் .275-ஐ வைத்தே நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார் என்பார்கள். உண்மைதான். ஆனா அவர் யானை மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்துப் படித்தவர்; தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகள் இன்றைக்குப் பெருமைப்படும் விஷயமும் இல்லை. உதை தாங்காத வயசு வந்தா, இந்த வகை வேட்டையை நிறுத்துவதுதான் சரியான தீர்வு. டிசைனில் 'செய்யாமல் விடுவது' என்பதும் ஒரு விடை.

ஆக, தேர்வு வரிசை இது: முதலில் அந்த விலங்குக்குச் சட்டமும் உயிரியலும் கேட்கும் குறைந்தபட்சத்தைப் பாருங்க. அந்த எல்லைக்கு மேலே, உங்களால் கண் மூடாமல் இருபது தடவை சுடக்கூடிய தோட்டாவை எடுங்க. ரைஃபிள் நடுத்தர எடை. நல்ல ரப்பர் பேட். சுடும்போது முட்டுக்கொடுக்க ஒரு தாங்கி. நெருங்க முடியாத தூரமென்றால் சுடாமல் திரும்பி வரும் மனசு.

இங்கே நமக்கு எதுக்கு?

கேரளாவில் 2022 முதல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உள்ளாட்சி அமைப்புகள் உத்தரவிடலாம். சுடுவது உரிமம் வைத்திருப்பவர்கள். அங்கேயும் காயம்பட்டுத் தப்பிய பன்றி, அடுத்த நாள் காலையில் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. நம்ம நீலகிரியில் மசினகுடி டி23 புலியை, வாரக்கணக்கில் தேடி, 2021 அக்டோபர் 15-ல் மயக்க ஊசி போட்டு உயிருடன் பிடித்தார்கள். அந்த ஊசித் துப்பாக்கியிலும் இதே தராசுதான்: வேகம் கூடினா விலங்குக்குக் காயம், குறைஞ்சா ஊசி சேராது.

நாளைக்கு நீங்க டிரில்லிங் மெஷினோ, தீயணைப்புக் குழாயோ, கான்கிரீட் உடைக்கும் ஜாக்ஹேமரோ டிசைன் பண்ணலாம். அதன் மறுமுனையைப் பிடிக்கிற கை ஐம்பத்தஞ்சு வயசுக்காரருடையதாக இருக்கும். ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டில் பவர் எவ்வளவு என்று எழுதும்போது, அந்தக் கை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்க.