வீணைப் பட்டறைக்கு வலைத்தளம்: தமிழ் முகவரி எப்படி வேலை செய்கிறது?

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் அதைச் செதுக்கும் சிறு பட்டறை ஒன்று முதல் வலைத்தளம் தொடங்கினால், முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா? தாராளமாக. ‘.இந்தியா’ என்றே முடியும் முகவரிகள் உண்டு.

ஆனால் இணையத்தின் பெயர்ப் பதிவேடு ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவற்றை நம்பியே கட்டப்பட்டது. 2003-இல் வந்த பியூனிகோட் முறை, தமிழ்ப் பெயரை அந்த எழுத்துகளாலான சரமாக மாற்றுகிறது. ‘எக்ஸ்என்’ என்ற அடையாளமும் இரண்டு கோடுகளும் முன்னால் ஒட்டிக்கொள்ளும். உலாவி அந்தச் சரத்தைப் பதிவேட்டிடம் கொடுத்து, அதற்குரிய எண் முகவரியைக் கேட்டு வாங்கி, சர்வரை அழைக்கிறது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. கணக்கு, மாற்றிய பிறகு வரும் சரத்துக்கு. எனவே தாத்தா பெயரையெல்லாம் சேர்த்து நீட்ட வேண்டாம்.

சில படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் தமிழ் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. ஆங்கில எழுத்தில் ஒன்றையும் வாங்கி, இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

முகவரியைவிட, வந்தவரை விரட்டுவது கனத்த படங்கள்தான். கைபேசியில் எடுத்த 4000-க்கு 3000 படத்தில் 1.2 கோடி புள்ளிகள். பார்ப்பவரின் திரை அகலம் 1080 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த அகலத்துக்குச் சுருக்கினால் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு போதும். மீதியைத் தரவிறக்கிவிட்டு வீசத்தான் போகிறது கைபேசி. வீணையின் யாளி முகத்தின் நுணுக்கம் தெரிய வேண்டுமே என்பீர்கள். அதை மட்டும் கிட்டத்தில் நின்று தனியாக எடுத்துப் போடுங்கள்.