புது வெண்டர், பழைய மெஷின்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ‘வானாக்ரை’ என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கத் தொடங்கியது. அடுத்த ஓரிரு நாளில் வெளியான பாதிப்புப் பட்டியலில், பிரான்ஸ், ருமேனியா ஆலைகளோடு, படப்பையைத் தாண்டி வாலாஜாபாத் சாலையில் போனால் வரும் ஓரகடத்தின் ரெனோ–நிசான் தொழிற்சாலையும் இருந்தது. வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது.

இரண்டு மாதமாக என்ன செய்தார்கள் என்று கேட்பது சுலபம். ஆனால் தொழிற்சாலைக் கணினி வீட்டுக் கணினி அல்ல. பிரஸ்ஸையோ ரோபோவையோ இயக்கும் கணினி அந்த மெஷினோடு சேர்த்துச் சோதித்து வாங்கப்பட்டது. மெஷின் பதினைந்து வருடம் உழைக்கும். புது விண்டோஸில் அதன் மென்பொருள் ஓடுமா என்பதற்கு விற்றவரே உத்தரவாதம் தரத் தயங்குவார். அப்டேட் போட லைனை நிறுத்த வேண்டும். லைன் நின்றால் பாகங்கள் ஏற்றிவந்த லாரியும் வாசலில் நிற்கும். ‘ஓடுறதை ஏன் தொடணும்?’ என்பது அங்கே சோம்பேறியின் பேச்சு அல்ல, பட்டறிவு.

ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி எழுதுபவரின் தலைவலியும் இப்படிக் கேட்டுப் பழையதிலேயே தங்கிவிடும் மனிதர்தான். லைப்ரரி என்பது யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்ளக்கூடிய ஆயத்த நிரல். அது இன்னொரு லைப்ரரியையோ கருவியையோ நம்பியிருந்தால், நம்பப்படுவதை டிபென்டன்சி என்கிறார்கள். கார் கம்பெனிக்கு வெண்டர் போல. புது வெண்டரைச் சேர்த்தால் போல்ட் மட்டுமா வரும்? அவருடைய சப்-வெண்டர், அவர் யூனிட்டின் பவர் கட் எல்லாம் கூடவே வரும். ஆனால் கார் கம்பெனியிடம் வாங்கியவர் பட்டியல் இருக்கிறது. லைப்ரரி எழுதியவரிடம் அது கிடையாது. யார் எந்தப் பழைய பதிப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஏதாவது உடைந்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

2021 பிப்ரவரியில் அப்படித்தான் தெரியவந்தது. பைதான் மொழிக்கான ‘கிரிப்டோகிராஃபி’ லைப்ரரி, 3.4ஆம் பதிப்பில் ரஸ்ட் மொழியைச் சேர்த்தது. காரணம் நியாயமானது: சி மொழியில் நினைவகத்தைக் கையாளும்போது நேரும் பிழைகள் பாதுகாப்பு ஓட்டைகளாக மாறுகின்றன, ரஸ்ட் அவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கும். முன்னறிவிப்பும் இருந்தது. பைதான் பொதிகளை நிறுவும் ‘பிப்’ கருவி புதிதாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாமலே ஆயத்தப் பொதி இறங்கிவிட்டது. பழைய பிப்புக்கு அந்தப் பொதியை அடையாளம் தெரியவில்லை. மூல நிரலை இறக்கி, அதை இயங்கும் நிரலாக மாற்றும் ரஸ்ட் கம்பைலர் எங்கே என்று கேட்டுவிட்டு நின்றது. ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துபவர்களுக்கோ அப்போது ஆயத்தப் பொதியே கிடையாது. திட்டித் தீர்த்தவர்களில் பலர் அந்த லைப்ரரியைத் தாங்களாக நிறுவியவர்கள்கூட அல்ல. வேறொரு மென்பொருளின் முதுகில் ஏறி அது வந்திருந்தது. அந்த 3.4 வரிசைக்கு மட்டும் ரஸ்ட் இல்லாமல் நிறுவிக்கொள்ள ஒரு குறுக்குவழி தரப்பட்டது. ஆனால் லைப்ரரியை எழுதியவர்கள் ரஸ்ட்டிலிருந்து பின்வாங்கவில்லை, அது சரியான முடிவு என்றே தோன்றுகிறது. இருந்தாலும் அதன் செலவு, அந்த முடிவில் பங்கே இல்லாதவர்கள் தலையில் விழுந்தது.

ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் வேறு விதம். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் ‘கர்ல்’ மென்பொருளை 1998 முதல் பராமரித்துவருகிறார். இன்றும் அது சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்தில்தான் எழுதப்படுகிறது. எவ்வளவு பழைய கம்பைலர் வைத்திருப்பவரும் கைவிடப்படக்கூடாது என்பதற்காக. 2020இல் ‘ஹைப்பர்’ என்ற ரஸ்ட் லைப்ரரியை அவரும் சேர்த்துப் பார்த்தார், ஆனால் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். நான்கு வருடத்தில் கேட்டுவந்தவரும் இல்லை, வேலையை முடிக்க ஆளும் இல்லை. 2024 டிசம்பரில் நீக்கிவிட்டார். பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை.

பழைய சி மொழியிலேயே இருப்பதற்கும் விலை உண்டு. 2023 அக்டோபரில் கர்லில் அடைக்கப்பட்ட ஒரு தீவிர ஓட்டை, அவரே 2020இல் எழுதிய நிரலில் இருந்தது. நினைவகத்தைப் பாதுகாக்கும் மொழியில் எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், 2020க்கு முந்தைய பதிப்பிலேயே தங்கிவிட்டவர்களை இந்த ஓட்டை தொடவே இல்லை. அவர்களிடம் வேறு பழைய ஓட்டைகள் இருந்தன என்பது தனிக்கதை.

47 கார் பிராண்டுகளில் கர்ல் இருக்கிறது என்று 2025இல் ஒரு மாநாட்டு மேடையில் ஸ்டென்பெர்க் பட்டியல் காட்டினார். அவற்றில் அப்போது பணம் கொடுத்து ஆதரித்தவை எத்தனை? பூஜ்யம். ஆனால் கார்த் திரையில் வரும் உரிம அறிவிப்பில் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கார் உரிமையாளர்கள், திரை ஏன் வேலை செய்யவில்லை, வழிகாட்டி வரைபடத்தை எப்படிச் சரிசெய்வது என்று அவருக்கே எழுதிக் கேட்கிறார்கள்.