மொட்டை மாடியில் விட்ட கம்பி: ஹைக்கூ இயங்குதளம் உருவான விதம்

ஒரு கம்பெனி மூடப்பட்டால் அது எழுதிய மென்பொருள் என்ன ஆகும்? பெரும்பாலும் கூடவே போய்விடும். மூலநிரல் வாங்கியவர் அலமாரியில் தூங்கும், பயன்படுத்தியவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். அப்படி நகராமல் நின்ற ஒரு கூட்டத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹைக்கூ என்ற திறமூல இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள்.

முதல்ல பின்கதை. ஆப்பிளை விட்டு வெளியே வந்த ழான்-லூயி கஸ்ஸே தொடங்கிய 'பீ' நிறுவனம், 1990களில் பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை எழுதியது. ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் கெட்டி. 1996ல் ஆப்பிளே இதை வாங்கப் பேசியது. கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட்டை வாங்கிக்கொண்டது. 2001ல் பீயின் சொத்துகள் சுமார் 1.1 கோடி டாலருக்குப் பாம் நிறுவனத்திடம் போயின. பீஓஎஸ் அதோடு நின்றது.

அதே ஆண்டு ஆகஸ்டில், அதன் பயனர்கள் சிலர் 'ஓப்பன்பீஓஎஸ்' என்று ஆரம்பித்தார்கள். இயங்குதளத்தின் மூலநிரல் கையில் கிடையாது. இருந்ததெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிற பீஓஎஸ் 5, நிரலாளர்களுக்காகப் பீ வெளியிட்ட ஆவணங்கள், ஹெடர் கோப்புகள். வைத்த இலக்கு ஒன்றே ஒன்று: பீஓஎஸ் 5க்காக எழுதிய நிரல், மறுபடி கம்பைல் செய்யாமல், அப்படியே புதுசிலும் ஓடணும்.

பழசைக் காப்பியடிக்கிற இலக்கு மாதிரித் தெரியும். யோசிச்சா, இது எவ்வளவு பெரிய வசதின்னு புரியும். சம்பளம் கிடையாது, மேலாளர் கிடையாது, ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட குழுக்கள் பாதி நேரம் எது சரி என்ற சண்டையிலேயே கரைந்துவிடும். இங்கே அதுக்கு வழியே இல்லை. 'பீஓஎஸ்ல இது எப்படி நடக்குது?' என்று ஓட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும்.

இன்னொரு வசதி, பீஓஎஸ் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது. திரையை ஒரு சர்வர் பார்க்கும், விசைப்பலகையையும் மவுசையும் இன்னொன்று, ஒலியையும் படத்தையும் வேறொன்று. ஆகவே பகுதிக்கு ஒரு குழு. எழுதிய பகுதி சிலவற்றை அசல் பீஓஎஸ்ஸுக்குள்ளேயே பழசுக்குப் பதிலாகப் பொருத்திச் சோதிக்கவும் முடிந்தது. கர்னலுக்கு, பீயில் வேலை பார்த்த டிராவிஸ் கைசல்பிரெக்ட் தனியாக எழுதிய 'நியூஓஎஸ்'ஸை எடுத்துக்கொண்டார்கள்.

கஷ்டம் எங்கே வந்ததுன்னா, சி++ மொழியில். பழைய நிரல் ஓடணும்னா ஃபங்ஷன் பெயர்கள் பொருந்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் நினைவகத்தில் எத்தனை பைட் பிடிக்கும், விர்ச்சுவல் ஃபங்ஷன்கள் எந்த வரிசையில் நிற்கும் என்பதுவரை அச்சு அசலாக இருக்கணும். ஒன்று இடம் மாறினால் பழைய நிரல் தப்பான கதவைத் தட்டி விழுந்துவிடும்.

அப்போ புதுசா எதையும் சேர்க்கவே முடியாதா? நம்ம ஊரில் வீடு கட்டுகிறவர்கள், நாளைக்கு இன்னொரு மாடி எடுக்கலாமென்று மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள் இல்லையா? பீ பொறியாளர்களும் அதையே செய்திருந்தார்கள். வகுப்புகளில் 'ரிசர்வ்டு' என்று பெயரிட்டுச் சில காலி ஃபங்ஷன்களையும் காலி இடத்தையும் விட்டு வைத்திருந்தார்கள். ஹைக்கூ அந்த இடத்தில்தான் தன் மாடியைக் கட்டுகிறது.

இந்த வாக்குறுதிக்கு விலையும் உண்டு. பழைய நிரல்கள் ஜிசிசி 2 காலத்தில் உருவானவை. அதனால் 32 பிட் ஹைக்கூ அந்தக் கிழட்டுக் கம்பைலரையும் புதியதையும் சேர்த்தே சுமக்கிறது. 64 பிட் பதிப்பிலோ பழைய பீஓஎஸ் நிரல்கள் ஓடாது. அங்கே மிஞ்சியது பீஓஎஸ்ஸின் அமைப்பும் பழக்கவழக்கமும்தான்.

பெயர் 2004ல் ஹைக்கூ ஆனது. பீஓஎஸ்ஸோடு வந்த உலாவி, பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதையாகச் சொல்லும். அதன் நினைவாக வைத்த பெயர். முதல் ஆல்ஃபா 2009. முதல் பீட்டா 2018. ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பர். 23 வருஷம் கழிச்சும் பீட்டாதான்! சோம்பேறித்தனம் இல்லை. 2001ல் யாரும் கேட்காத வைஃபை, தொகுப்பு மேலாண்மை, இன்றைய இணையப் பக்கங்கள் எல்லாம் நடுவில் வந்து நின்றன. அதிலும் எல்லாவற்றையும் தாங்களே எழுதவில்லை. வைஃபை, நெட்வொர்க் டிரைவர்கள் பலவற்றை ஃப்ரீபிஎஸ்டியில் இருந்து எடுத்து, நடுவில் ஓர் இணைப்பு அடுக்கு போட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

பங்களிக்கணும்னா கர்னல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதியவர்களுக்கென்று எளிய வேலைகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸிலேயே மூலநிரலை எடுத்து முழு இயங்குதளத்தையும் கட்டிவிடலாம். திருத்தத்தைக் கெரிட் என்ற மதிப்பாய்வுக் கருவியில் போட்டால் மற்றவர்கள் வரி வரியாகப் படிப்பார்கள். இடைவெளி, அடைப்புக்குறி வரை திருத்தச் சொல்வார்கள். மனசு ஒடிய வேண்டாம். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்த வரியைப் படிக்கப்போகிறார், அவருக்காகக் கேட்கிறார்கள்.

நிரல் எழுத வராதா? ஒரு விர்ச்சுவல் மெஷினில் போட்டு ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்க. எது உடைகிறது, எந்த வரிசையில் செய்தால் திரும்பவும் உடைகிறது என்று தெளிவாக எழுதி அனுப்புங்க. நிரல் எழுதுகிறவர் உட்கார்ந்து வேலையை ஆரம்பிக்கிற இடம் அந்தக் குறிப்புதான்.